கண்ணில் படாத இடத்திற்கு வர்ணம்



பொங்கலுக்கு முன்பு வீட்டிற்கு வெள்ளை அடிப்பது நம்மவர் வழக்கம். கூடத்துச் சுவருக்கு இரண்டு பூச்சு, வாசற்சுவருக்கு மூன்று பூச்சு என்று தாராளமாக அடிக்கிறோம். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு? பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டு, கை எட்டிய மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுகிறோம். யார் பார்க்கப் போகிறார்கள் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஆனால் சுவரில் ஈரம் ஏறுவதும், காரை உதிர்வதும், கரையான் கூடு கட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பீரோவின் பின்புறத்தில்தான்.

மோட்டார் காரிலும் அப்படி ஒரு பீரோவின் பின்புறம் உண்டு. அதைத்தான் டிக்கி என்கிறோம். பழைய கார் ஒன்றைச் செப்பனிட்டபோது அதன் டிக்கிக்கு மறுபடி வர்ணம் பூச நேர்ந்த எங்கள் அனுபவத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரை வண்டிக் காலத்து இங்கிலாந்தில், வண்டியின் பின்புறம் வேலையாட்கள் அமர்வதற்கென்று இருந்த ஆசனத்திற்கு டிக்கி என்று பெயர். பிறகு வந்த இரண்டு பேர் கார்களில், பின்புறக் கதவைத் திறந்தால் மடக்கு ஆசனமாக அது விரிந்தது. ஆசனம் போய்விட்டது, பெயர் மட்டும் நம் நாட்டில் நின்றுவிட்டது. டிக்கிக்குள் நாம் வைக்கும் மாற்றுச் சக்கரத்தின் கதையும் இப்படிப்பட்டதே. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற ஒரு நிறுவனத்தின் பெயர்தான், ஸ்டெப்னி என்று இன்றும் நம் வாயில் புழங்குகிறது.

எங்கள் கார் ஃபியட் 1100 டிலைட். மும்பை குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் 1964ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு, 1974 முதல் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறி, 2001 வரை வெளிவந்த வண்டியின் மூத்த தலைமுறை அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1961இல் மும்பைக்கு வந்து, மாதுங்காவில் குடியேறி, கணக்கு எழுதிப் பிழைத்த எங்கள் தந்தையார், பல ஆண்டுகள் முன்பதிவு செய்து காத்திருந்து 1971இல் அதை வாங்கினார். அந்த நாளில் கார் வாங்குவதென்றால் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

அந்தக் காரில் நாங்கள் ஆசனத்தில் அமர்ந்து கண்ட ஊர்களைவிட, அதன் டிக்கி கண்ட சாமான்கள் அதிகம். ஊரிலிருந்து உறவினர் வந்து தாதர் ரயில் நிலையத்தில் இறங்கினால், புழுங்கலரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், ஊறுகாய் ஜாடி, ஒரு முறை ஆட்டுக்கல்லே கூட அதற்குள் ஏறியிருக்கிறது. அயல் மாநிலத்தில் குடும்பம் நடத்தும் தமிழர் எவருக்கும் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் என்பது ரயிலில் வந்து டிக்கியில் ஏறி வீட்டிற்குள் நுழைந்த காலம் அது.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் சாலையிலிருந்து ஓய்வு பெற்றன. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29இல் பதிவானது. டாக்ஸிக்கு விதித்த இருபது ஆண்டு வயது வரம்பு அத்துடன் நிறைந்தது. செய்தி வந்த சில நாட்களிலேயே, பழைய கார்களில் பிரியமுள்ள ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எங்களுக்கும் காரை விற்கவேண்டிய நிலை. நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதுவரை நாங்கள் மாற்றிக்கொண்ட வாடகை வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்தார். என்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். டிக்கியைத் திறந்து, பளபளவென்று இருந்த கறுப்பு வர்ணத்தைக் கண்டு திருப்தியுடன் மூடினார். நல்ல விலையும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணத்துடன் வருவதாக ஏற்பாடு.

கொடுப்பதைத் துப்புரவாகக் கொடுக்கவேண்டும் என்று, சனிக்கிழமை மாலை டிக்கியின் ரப்பர் விரிப்பை எடுத்துக் கழுவினோம். ஒரு மூலையில் வர்ணம் கொப்புளம் போல உப்பியிருந்தது. திருப்புளி முனையால் அதை இலேசாகத் தொட்டோம். முனை உள்ளே போய்விட்டது. கையளவு பட்டி பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தின் வழியே கீழே சிமென்டுத் தரை தெரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில் பெருந்தொகை கொடுத்து டிக்கியைச் செப்பனிட்டிருந்தோம். அங்கே செய்தது இவ்வளவுதான்: துருத் தின்ற தகரத்தை வெட்டாமல், ஓட்டையில் பட்டியை அப்பி, அதன்மேல் கனமாகக் கறுப்பு அடித்து அனுப்பியிருந்தார்கள். ஸ்டெப்னியின் பாரம் முழுவதும் அந்தப் பட்டியின் பக்கத்தில்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தால் தரை பிய்ந்து, சக்கரம் பின்னால் வருபவர்மேல் உருண்டிருக்கும்.

மறுநாள் விற்கவேண்டிய வண்டி. விரிப்பை மறுபடி போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்களில் இளையவன் அதைச் சொல்லவும் சொன்னான். “வாங்குகிறவர் டிக்கியைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டாரே, அப்பா” என்றான். எண்பத்தெட்டு வயதான தந்தையார் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, டிக்கியின் எதிரே அமர்ந்து, அந்த ஓட்டையைச் சிறிது நேரம் பார்த்தார். “நம்மை ஏமாற்றியவன் பாதியில் விட்ட வேலையை நாம் முடித்துக் கொடுக்க வேண்டாம்” என்றார். அன்றிரவே அந்த அன்பரைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொன்னோம். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “சரி, பிறகு பார்க்கலாம்” என்று வைத்துவிட்டார். விற்பனை நின்றது. கட்டடத்தைக் காலி செய்ய இரண்டு மாதமே இருந்தது.

டிக்கியில் துரு ஏன் இப்படிக் குடியேறுகிறது? இரும்பும் பிராணவாயுவும் நீரும் கூடினால் துரு. உப்பு சேர்ந்தால் அந்த வேலை துரிதமாக நடக்கும். மும்பைக் கடற்காற்றில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கும் பஞ்சமில்லை. டிக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வயதாக வயதாக இறுகி வெடிக்கிறது. அதன் வழியே நீர் கசிகிறது. கசிந்த நீர் விரிப்பின் அடியில் தங்குகிறது. ஈரக் குடையையும் நனைந்த சாக்கையும் நாமே கொண்டுபோய் வைக்கிறோம். வெளித் தகட்டில் விழும் மழை வெயிலில் உலர்ந்துவிடும். டிக்கியின் தரைக்கு வெயில் ஏது? நீர் வடிவதற்கென்று தரையில் சிறு துளைகள் இருக்கும். அவற்றை முந்தைய பட்டறை பட்டியால் அடைத்திருந்தது.

சயான் பக்கத்தில் ஒரு சிறு கொட்டகையில் தகரவேலையும் வர்ணவேலையும் செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். மும்பைப் பட்டறை வழக்கப்படி எல்லாரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள். நாங்களும் அவ்விதமே அழைத்தோம். அவர் வர்ணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. முதலில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். விரிப்பு, பீடிங், விளக்குக் கம்பிகள், பூட்டு, மூடியின் கீல் ஆகிய ஒவ்வொன்றையும் கழற்றுமுன் புகைப்படம் எடுத்தோம். திருகுகளைச் சிறு டப்பிகளில் இட்டுப் பெயர் எழுதினோம். பிறகு பேட்டரியின் இணைப்பை நீக்கி, பெட்ரோல் தொட்டியை வடித்து வண்டியிலிருந்து இறக்கினார். தொட்டி பின்புறம் உள்ள கார்களில் இதைச் செய்யாமல் டிக்கியில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். பெட்ரோல் தீர்ந்த தொட்டிதான் அதிக அபாயம். அதில் நிறைந்திருப்பது ஆவி. நேயர்களில் எவரேனும் இந்த வேலையைத் தாமே செய்யத் துணிந்தால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

அடுத்தது பழைய வர்ணத்தைச் சுரண்டுவது. பழங்கால வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர்த் தாளால் நனைத்துத் தேய்த்தோம். முகத்திற்குத் தகுந்த கவசம் அணிந்தோம். வழித்த சேற்றைத் தனியே சேர்த்தோம்.

அப்படித் தேய்க்கும்போதுதான் காரின் வயது எங்கள் கண்முன் விரிந்தது. மேலே பட்டறைக் கறுப்பு. அதன் கீழே வெள்ளை. எண்பதுகளில் கார் முழுவதற்கும் அடித்தது. அதன் கீழே ஒரு சாம்பல். எல்லாவற்றிற்கும் கீழே, கீல் மறைத்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்திற்கு ஒரு பச்சை. வெயிலே படாத இடமாதலால் அது சற்றும் வெளுக்கவில்லை. நாங்கள் எவரும் அதைக் கண்டதில்லை. எங்களுக்கு நினைவு தெரிந்தபோது கார் சாம்பல் நிறமாக இருந்தது. தந்தையாருக்குக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “டெலிவரி எடுத்த அன்று உங்கள் அம்மா இதை மாவடு நிறம் என்றாள்” என்றார். அம்மா காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இனி டிக்கியைக் கறுப்பாக அடிப்பதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

பழைய பூச்சு எந்த வகை என்று அறியாமல் புதியதை அடிக்கலாகாது. துணியில் தின்னரை நனைத்து மறைவான மூலையில் தேய்த்துப் பார்க்கவேண்டும். நிறம் கரைந்து துணியில் ஒட்டினால் அது நைட்ரோசெல்லுலோஸ் வர்ணம்; சுருங்கிக் கொப்புளித்தால் எனாமல்; அசையாமல் நின்றால் இறுக்கி சேர்த்த பி.யு. வர்ணம் அல்லது சூளையில் வாட்டியது. அமெரிக்காவில் டுபான்ட் நிறுவனம் 1923இல் ட்யூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதுவரை வாரக்கணக்கில் உலர்ந்த கார்கள் அதன் பிறகு மணிக்கணக்கில் உலர்ந்தன. அந்தப் பெயரும் ஸ்டெப்னியைப் போல நம் பட்டறைகளில் பொதுச்சொல்லாகி நின்றுவிட்டது. எனாமலின்மேல் நைட்ரோசெல்லுலோஸை நேராக அடித்தால், அதன் தின்னர் கீழ்ப்பூச்சைக் கிளப்பிவிடும். சந்தேகமிருந்தால் தகரம் வரை சுரண்டிவிடுவதே உத்தமம். நாங்கள், கீலடியிலிருந்த அந்த ஒரு துண்டைத் தவிர, மற்ற இடமெல்லாம் அவ்விதமே செய்தோம்.

துருவை அளக்க உஸ்தாதிடம் இருந்த கருவி ஒரு சிறு சுத்தியல்தான். தரை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் கணீரென்றது. நைந்த தகரம் பொத்தென்றது. பொத்தென்ற இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டார். கோட்டை நல்ல தகரத்திற்குள் இரண்டு விரல் தள்ளியே போட்டார். “பூசணி அழுகினால் அழுகலோடு சேர்த்து நல்ல சதையிலும் கொஞ்சம் வெட்டுகிறோமே” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். வெட்டிய இடத்திற்கு அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்தார். ஒரே மூச்சில் வைத்தால் சூட்டில் தகரம் நெளியும். ஆகையால் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்தார். நான்கு நாள் வேலை அது.

மேலோட்டமான துரு இருந்த இடங்களில் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருநீக்கியைப் பூசினோம். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அமிலத்தின் மிச்சம் நின்றால் மேற்பூச்சு ஒட்டாது. ஆகவே நன்றாகக் கழுவி, மூலைமுடுக்கெல்லாம் காற்றடித்து உலர்த்தி, அன்றே எப்பாக்ஸி பிரைமர் அடித்தோம். வெறும் தகரத்தை இரவு முழுவதும் விட்டுவைத்தால், கடலோர ஊரில் விடிவதற்குள் அது பழுப்பேறிவிடும். தகடுகள் சேரும் விளிம்புகளில் துப்பாக்கி எட்டாது. அங்கெல்லாம் தூரிகையால் பிரைமரை ஊட்டி, அது காய்ந்தபின் ஸீலர் வைத்தோம்.

பட்டியை நாங்கள் ஒதுக்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பட்டிக்கு உரிய இடம் உண்டு. தகரம் திடமாக இருந்து, மேற்பரப்பில் சிறு பள்ளம் இருந்தால் அதைச் சமன்படுத்துவதற்கே பட்டி. ஓட்டையை அடைப்பது அதன் தொழிலன்று. பட்டி பார்ப்பவரின் திறமை அதை எவ்வளவு மெல்லியதாக வைக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. எங்கள் டிக்கிக்கு வேண்டியிருந்த பட்டி, பெயர்ந்து விழுந்ததில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

நிறம் சேர்ப்பதுதான் மிகுந்த நேரம் எடுத்தது. கீலடியிலிருந்த பச்சையை நனைத்து மெருகேற்றி, அதைப் பார்த்துக் கடையில் வர்ணம் கலக்கச் செய்தோம். ட்யூப் விளக்கின் கீழ் பொருந்திய நிறம், வெயிலில் வந்ததும் பொருந்தவில்லை. ஈரத்தில் பொருந்தியது, உலர்ந்தபின் ஒரு சாயல் மாறியது. சிறு தகரத் துண்டுகளில் அடித்து, உலரவிட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஐந்தாவது துண்டை எடுத்துக்கொண்டு தந்தையாரிடம் போனோம். “இன்னும் கொஞ்சம் மஞ்சள்” என்றார். ஏழாவது துண்டிற்குத் தலையசைத்தார்.

டிசம்பர் நடுவில், காற்று உலர்ந்திருந்த ஒரு காலையில் வர்ணம் அடித்தோம். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். ஈரக் காற்றில் நைட்ரோசெல்லுலோஸ் வெள்ளை பூத்துவிடும், பி.யு. வர்ணத்தின் இறுக்கியும் ஈரத்தோடு கூடிக் குமிழிடும். நாங்கள் பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும் பி.யு. வர்ணத்தையே தேர்ந்துகொண்டோம். அதன் இறுக்கி சுவாசத்திற்குக் கொடியது; மூக்கில் கட்டும் துணி அதற்குப் போதவே போதாது. உஸ்தாத் வெளிக்காற்றைக் குழாய் வழியே கொடுக்கும் கவசம் அணிந்தே துப்பாக்கியை எடுத்தார். எங்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டார். டிக்கி ஒரு பெட்டி போன்றதாகையால், அடித்த வர்ணம் மூலையில் மோதி முகத்திற்கே திரும்பும். ஆகவே காற்றழுத்தத்தைக் குறைத்து, முதலில் மூலைகள், பிறகு பக்கச் சுவர்கள், கடைசியில் தரை என்று உள்ளிருந்து வெளியே வந்தார். மூடியைத் தனியே தொங்கவிட்டு அடித்தார். ஒரே கனமான பூச்சாக இல்லாமல், இடையிடையே ஆறவிட்டு மூன்று மெல்லிய பூச்சு. கீலடியிலிருந்த பழைய துண்டை ஒட்டுத்தாளால் மறைத்துக் காப்பாற்றி, பின்னர் அதன்மேல் நிறமற்ற பூச்சு மட்டும் கொடுத்தார்.

ஒரு வாரம் திறந்தே வைத்து உலரவிட்டபின், புது பீடிங் போட்டு, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று ஒரு செம்பு நீர் ஊற்றிப் பார்த்து, மற்றவற்றைப் பூட்டினோம். விரிப்பை மாத்திரம் ஒட்டவில்லை. எவரும் எந்நேரமும் தூக்கிப் பார்க்கும்படி விட்டுவிட்டோம்.

வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் இருக்கையில், முன்பு வந்த அன்பருக்கு மறுபடி தகவல் சொன்னோம். வந்தார். இந்த முறை காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே டிக்கியைத் திறந்தார். கையிலிருந்த விளக்கை அடித்து, விரிப்பைத் தூக்கி, தரையை விரல் மடக்கித் தட்டினார். ஓட்டையோடு எடுத்த புகைப்படங்களையும், வெட்டி எடுத்த துருத் தகரத்தையும் அவரிடமே கொடுத்தோம். வெள்ளைக் காரின் உள்ளே அந்தப் பச்சையைப் பார்த்து, “இதுதானா இதன் சொந்த நிறம்?” என்று கேட்டார். கீலடித் துண்டைக் காட்டினோம். முன்பு சொன்ன விலையையே கொடுத்தார். எங்கள் செலவைக் கழித்தால் எங்களுக்குக் கையில் நின்றது குறைவுதான். தந்தையார் அந்தக் கணக்கையும் எழுதி, கீழே கோடு போட்டு, 1971 முதல் வைத்திருந்த காரின் கணக்கு நோட்டை மூடினார்.

ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல் இருக்கும் கார்களைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. எங்கள் கார் அந்த வயதைத் தாண்டியது. அதைப் பெற்றவர் நிற மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொண்டு, கார் முழுவதற்கும் வர்ணம் பூசினார். நிறத்திற்கு அவர் எங்கும் தேடிப் போகவில்லை; டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே சேர்த்தார்.

சென்ற ஆண்டு அதன் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். மாவடு நிறத்தில் கார் நிற்கிறது, டிக்கி திறந்திருக்கிறது. தந்தையார் அதை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, “விரிப்பைத் தூக்கிப் பார்த்தானா என்று கேட்டுச் சொல்லுங்கள். மழை ஆரம்பித்துவிட்டது” என்றார்.